பெங்களூரிலிருந்து சந்திரா பள்ளத்தாக்குக்கு: பாறை ஏறும் பயணத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது

கண்டீரவா ஸ்டேடியம் சுவரிலும் ராமநகராவிலும் இரண்டு மூன்று வருடம் ஏறிப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை இமயமலைப் பாறை. இந்த வழிகாட்டி ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறது: ஹிமாச்சலின் லாஹௌல் பகுதியில், மணாலியிலிருந்து காசா போகும் சாலையில், சந்திரா ஆற்றங்கரையில் உள்ள சத்ரு. தமிழில் எழுதினால் எதிரி என்று படிக்கத் தோன்றும் பெயர். இருப்பது சீசனுக்குத் திறக்கும் சில தாபாக்களும் ஆறும் பாறையும்தான். உயரம் சுமார் 3,350 மீட்டர். சாலையோரத்திலேயே வீடளவு கிரானைட் பாறாங்கற்கள், அவற்றுக்கு மேலே விரிசல் ஓடும் சுவர்கள்.

புதிதாகப் போகிறவர்கள் விமான டிக்கெட்டில் தொடங்குகிறார்கள். அடுத்து கருவி வாங்குகிறார்கள். நாட்களைக் கடைசியில்தான் எண்ணுகிறார்கள். அப்படிப் போனால் தலைவலியோடு கூடாரத்தில் மூன்று நாள், பாறையில் ஒரு நாள் என்று முடியும். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

1. நாட்களை எண்ணுங்கள்

இரண்டு வாரம் முழுதாக விடுப்பு, அதாவது 10 வேலைநாள், எடுத்தால் முன்னும் பின்னும் நடுவிலும் உள்ள சனி ஞாயிறுகளோடு 16 நாள் கிடைக்கும். அது இப்படிச் செலவாகும்:

முதல் நாள் சனிக்கிழமை விமானத்தில் சண்டிகர், அன்றிரவே மணாலி பேருந்து. 2-ம் நாள் மணாலியில் (2,050 மீட்டர்) ஓய்வு. 3-ம் நாள் கடைவீதி, வண்டி ஏற்பாடு. 4, 5 சேத்தன் கிராமத்தில் (சுமார் 2,700 மீட்டர்), இரண்டு இரவு. 6-ம் நாள் அடல் சுரங்கப்பாதை வழியாக சிஸ்ஸு (சுமார் 3,100 மீட்டர்). 7-ம் நாள் சத்ரு. 8-ம் நாள் நடை, லேசான ஏற்றம். 9, 10 ஏற்றம். 11 ஓய்வு. 12, 13 ஏற்றம். 14-ம் நாள் மணாலிக்குத் திரும்புதல். 15 உபரி நாள், இரவுப் பேருந்து. 16-ம் நாள் ஞாயிறு மாலை விமானம்.

16 நாளில் சத்ருவில் முழுதாக ஏறக் கிடைப்பது நான்கு நாள். இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். உடனே, சேத்தனில் ஓர் இரவைக் குறைக்கலாமா, உபரி நாளை வெட்டலாமா என்று பேச்சு வரும். வெட்டக் கூடாதவை அந்த இரண்டும்தான். முதலாவது உடம்பு உயரத்துக்குப் பழகும் நாள். இரண்டாவது மண்டிக்கும் குல்லுவுக்கும் இடையே சாலையில் மண் சரிந்தால் கைகொடுக்கும் நாள். சனி ஞாயிறையும் சேர்த்து மொத்தமே 10 நாள்தான் கிடைக்கும் என்றால் சத்ருவை விட்டுவிட்டு சேத்தனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கேயும் நல்ல போல்டர்கள், அதாவது கயிறில்லாமல் ஏறும் பாறாங்கற்கள், இருக்கின்றன.

2. ஆள் சேர்ப்பது

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. இரண்டு கயிறு, இரண்டு ஜோடி. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் உடனிருக்க, இரண்டு பேர் உதவி கேட்டுப் போகலாம். இரண்டே பேராகப் போனால், கால் முறிந்தவரைத் தனியே விட்டுவிட்டுத்தான் மற்றவர் சாலைக்கு ஓட வேண்டும்.

நால்வரில் குறைந்தது இரண்டு பேர் ட்ராட் முறையில் லீட் செய்யத் (முதல் ஆளாக ஏறத்) தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்: பாறையில் அடித்த போல்ட் இல்லாத விரிசலில், இதழ் விரிந்து பிடிக்கும் கேமும் ஆப்பு போல் சிக்கும் நட்டும் தாங்களே வைத்து, கயிற்றைத் தாங்கும் ஆங்கர் கட்டி, அடுத்தவரை மேலே கொண்டுவரத் தெரிந்தவர்கள். பாதாமியில் போல்ட் வழியில் 7ஏ போன்ற கடினமான கிரேடு ஏறுபவரும் ட்ராட்டில் புதியவராக இருக்கலாம். கிரேடைக் கேட்காதீர்கள், கடைசியாக எப்போது, எங்கே, யாருடைய மேற்பார்வையில் ஆங்கர் கட்டினார் என்று கேளுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால் இரண்டு வழி: போல்டரிங் பயணமாக மாற்றிக்கொள்வது, அல்லது மணாலியில் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே அமர்த்துவது. சுற்றுலா ராப்பெல்லிங் (கயிற்றில் இறங்குவது) நடத்துபவரும் மலையேற்ற வழிகாட்டியும் ஒருவரல்ல. இதற்கு முன் இதே பள்ளத்தாக்கில் என்ன ஏற்றினார் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

ஆள் உறுதியானதற்கு அடையாளம் வாட்ஸ்அப் கட்டைவிரல் இல்லை. விடுப்பு அனுமதியும் முன்பணமும் வந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். கடைசி வாரம் ஒருவர் கழன்றால் இரண்டு ஜோடி என்ற கணக்கே உடையும்.

3. மாதம்

கிராம்ஃபு–காசா சாலை பனி அகற்றப்பட்டு ஜூன் வாக்கில் திறக்கும், அக்டோபரில் பனி மறுபடி தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் லாஹௌல் மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே மழை குறைவு. ஆனால் அங்கே போக வேண்டிய சாலை குல்லு பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. அங்கே பருவமழை முழுவீச்சில் இருக்கும். 2023 ஜூலையில் பியாஸ் வெள்ளம் மணாலி சாலையை அடித்துக்கொண்டு போனபோது, சத்ருவுக்கு அப்பால் சந்திரதாலில் சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

முதல் பயணத்துக்கு செப்டம்பர் முதல் மூன்று வாரம். மழை ஓய்ந்து வரும், ஓடைகளில் நீர் குறையும், பகலில் பாறை காய்ந்து கிடக்கும். இரவில் பூஜ்யத்தை ஒட்டிய குளிர், மாதக் கடைசியில் அதற்கும் கீழே. மைனஸ் 5 டிகிரிக்கு வசதியான தூக்கப்பை வேண்டும். பையில் அச்சிட்ட இரண்டு எண்களில் ‘கம்ஃபர்ட்’ எண்ணைப் பாருங்கள். ‘லிமிட்’ எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள்.

4. பெங்களூரிலேயே பழக வேண்டியவை

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெங்களூர்ப் பாறை பெரும்பாலும் ஸ்லாப், உராய்வை நம்பிக் கால் வைக்கும் வகை. சத்ருவில் விரிசல் அதிகம். ஸ்டேடியம் சுவர் விரல் பலம் தரும். விரிசலுக்குள் கையை நுழைத்துக் கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கிக் கையை இறுக்கும் வித்தையைத் தராது. ராமநகராவில் விரிசல் உள்ள வழிகளைத் தேடி டாப் ரோப்பில் (மேலிருந்து கட்டிய கயிற்றில்) ஏறுங்கள். ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம்; அங்கே போகக் கூடாத இடங்கள் உண்டு, உள்ளூர் ஆட்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கருவி வைக்கும் பயிற்சி தரையிலேயே நடக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் உள்ள விரிசலில் கேமை வையுங்கள். இதழ்கள் பாதிக்கு மேல் சுருங்கியிருக்க வேண்டும், நான்கும் பாறையைத் தொட வேண்டும், தண்டு விழும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அதில் 60 செ.மீ. ஸ்லிங்கை (தைத்த நாடா வளையம்) போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, காலை வைத்து முழு எடையையும் கொடுங்கள். பிடுங்கிக்கொண்டால் அரை அடிதான் விழுவீர்கள், ஏன் பிடுங்கியது என்று கண்ணால் பார்க்கலாம். ஒருவருக்கு ஐம்பது முறையாவது இப்படி வைத்து, தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதிகம் நடக்கும் தவறு, விரிசலின் வாயில் பெரிய கேமை அரைகுறையாக விரித்து வைப்பது. கயிறு அசைய அசைய கேம் உள்ளே நடந்துபோய் இன்னும் விரிந்துவிடும், பிடிமானம் போய்விடும்.

கயிறு நிர்வாகத்துக்கு சாவனதுர்கா. நீளமான ஸ்லாப்பில் மூன்று பிட்ச் (கயிறு எட்டும் நீளத்துக்கு ஒரு பகுதி) ஏறி, வந்த வழியே ராப்பெல் செய்து இறங்குங்கள். ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காக்கும் பிலே நிலையத்தில் ஆள் மாறக் கால் மணி நேரம் ஆகிறதென்றால், ஆறு பிட்சில் ஒன்றரை மணி நேரம் அங்கேயே போகும். சந்திரா பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் காற்று எழும் நேரம் அதுதான். கடைசி இரண்டு வாரம் ஒருமுறை தலைவிளக்கோடு இருட்டில் ராப்பெல் செய்து பாருங்கள்.

மழைக்கால மாலைகளில் பெங்களூர்ப் பாறை நனைந்திருக்கும். ஈரத்தில் முயல வேண்டாம், அந்த மாலைகளைச் சுவருக்கும் படிக்கட்டுக்கும் ஒதுக்குங்கள். முதுகில் 12 கிலோவோடு ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால் போதும்.

5. கயிறும் கருவியும்

முதல் பயணத்துக்கு நான்கு பேருக்கு இவ்வளவு:

60 மீட்டர் சிங்கிள் ரோப், 9.5 முதல் 9.8 மி.மீ., இரண்டு. ஒரு கயிற்றை மடித்து ராப்பெல் செய்தால் 30 மீட்டர்தான் இறங்க முடியும். அதற்கு மேல் உயரமான சுவரில் இரண்டையும் முடிந்து இறங்க வேண்டும். அதனால் இரண்டு ஜோடியும் ஒரே சுவரில் இருப்பது பாதுகாப்பு. தனித்தனிச் சுவர்களுக்குப் பிரிந்தால் 30 மீட்டருக்குள் முடியும் வழிகளை மட்டும் எடுங்கள்.

கேம் ஒரு ஜோடிக்கு ஒரு செட்: பிளாக் டைமண்ட் அளவில் 0.3 முதல் 3 வரை, அதாவது சுமார் 14 மி.மீ. முதல் 88 மி.மீ. அகல விரிசல் வரை பிடிக்கும். நட் ஒரு ஜோடிக்கு ஒரு செட், பிடுங்கும் கருவி இருவருக்கும் ஆளுக்கொன்று. 60 செ.மீ. ஸ்லிங் பத்து, 120 செ.மீ. நான்கு, ஆங்கருக்கு 7 மி.மீ. கார்டு (மெல்லிய கயிறு) 6 மீட்டர் இரண்டு. மேலிருந்து பிலே செய்ய உதவும் கைடு மோடு உள்ள பிலே கருவி, கயிற்றைச் சுற்றி இறுகும் 6 மி.மீ. ப்ரூசிக் வளையம், பூட்டு காராபினர் (உலோகக் கொக்கி வளையம்) நான்கு ஒவ்வொருவருக்கும்.

இதோடு பெரும்பாலோர் மறப்பது: பாறையில் விட்டுவிட்டு வருவதற்கென்றே 6 அல்லது 7 மி.மீ. கார்டு 10 மீட்டர், ஒரு சிறு கத்தி, இரண்டு பழைய காராபினர். பாதியில் திரும்பும் முடிவை எடுக்க முடியாமல் போவதற்குப் பல நேரம் காரணம் கஞ்சத்தனம்தான். விட்டுவரப் பொருள் இருந்தால் திரும்ப மனசு வரும்.

கயிறு, ஹார்னஸ் (இடுப்புக் கச்சை), ஸ்லிங் மூன்றும் இரவல் வாங்க வேண்டாம். அவற்றின் வயதும் அவை விழுந்த கதையும் உங்களுக்குத் தெரியாது. கேம் இரவல் வாங்கலாம். ட்ரிகர் கம்பி பிசிறியிருக்கிறதா, இதழ் தானாகத் திரும்பி விரிகிறதா, தண்டில் தைத்த ஸ்லிங் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

6. டிக்கெட்டும் எடையும்

இப்போது டிக்கெட் எடுக்கலாம். டெல்லியிலிருந்து மணாலி 530 கி.மீ. சொச்சம், ஓர் இரவும் காலையும் போகும். சண்டிகரிலிருந்து தூரம் ஏறக்குறையப் பாதி. விமானக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் சண்டிகரே நல்லது. குல்லு அருகே புந்தர் விமான நிலையத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிறிய விமானம், வானிலைக்கு அடிக்கடி ரத்தாகும், எடை வரம்பும் இடிக்கும்.

உள்நாட்டு விமானத்தில் வழக்கமாக ஆளுக்கு 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. 60 மீட்டர் கயிறு ஒன்றே நான்கு கிலோ நெருங்கும். உலோகம் முழுக்கச் செக்-இன்னில். காராபினர் கொத்தைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டிவரும். ஏறும் காலணி, டவுன் ஜாக்கெட், மருந்து கைப்பையில், ஏனென்றால் பை தொலைந்தால் கேம் இரவல் கிடைக்கும், உங்கள் அளவுக் காலணி கிடைக்காது. பவர் பேங்க்கைக் கட்டாயம் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கேஸ் கேனிஸ்டர் எதிலுமே கூடாது. எரிபொருள் வாடை அடிக்கும் பழைய ஸ்டவ்வையும் எடுத்து வைத்துவிடுவார்கள்.

கிராஷ் பேட் (போல்டரிங்கில் விழுந்தால் தாங்கும் மெத்தை) கொண்டுபோவதானால் அளவு மீறிய பொருளுக்கான கட்டணத்தை முன்பே கேளுங்கள். மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். போனில் பேசி, எண்ணிக்கையை உறுதி செய்துகொண்டு போங்கள்.

ஒன்று மிக முக்கியம். இன்ரீச் போன்ற சாட்டிலைட் தகவல் கருவிகளை தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் ஆசையாக வாங்கித் தந்திருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டு என்ற சொல்லோடு திருப்திப்படாமல், விலக்குப் பட்டியலில் கயிறு கொண்டு பாறை ஏறுவது இருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று படியுங்கள். ட்ரெக்கிங்கை ஏற்றுக்கொண்டு கயிற்றை விலக்கும் பாலிசிகள் உண்டு.

சாலையோரப் பாறைகளில் ஏறுவது ஒன்று, சிகரம் ஏறுவது வேறு. திட்டத்தில் சிகரம் நுழைந்தால் டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அமைப்பின் (ஐ.எம்.எஃப்.) அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள்.

7. மணாலியில் ஒரு நாள்

மூன்றாம் நாளை முழுதாகக் கடைவீதிக்கு ஒதுக்குவதன் காரணம், இதற்குப் பிறகு வாங்க இடமில்லை. பணத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், சத்ருவில் ஏ.டி.எம். கிடையாது.

எரிபொருளில்தான் அதிகம் ஏமாறுவார்கள். மணாலிக் கடைகளில் நீளமான ஸ்ப்ரே டப்பா வடிவக் கேன்கள் எளிதில் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன். பியூட்டேன் குளிரில் சரியாக ஆவியாகாது. செப்டம்பர் விடிகாலையில் ஸ்டவ் சரியாக எரியாது, கேன் காலி என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். இரவில் கேனைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் எரியும். உங்கள் ஸ்டவ் திருகு வகையா, நீளக் கேன் வகையா என்பதையும் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். சாலையோர முகாமுக்கு இதைவிட எளிய வழி 5 கிலோ சோட்டு சிலிண்டரும் ஒற்றை அடுப்பும். நான்கு பேருக்கு ஒரு வாரம் தாராளமாக வரும்.

வண்டிக்காரரிடம் போகும் நாளை மட்டும் பேசாதீர்கள், திரும்ப அழைக்க வரும் தேதியையும் நேரத்தையும் பேசி, பாதிப் பணத்தை அப்போது தருவதாக வையுங்கள். காசா பேருந்தும் சீசனில் சத்ரு வழியாகப் போகும். ஆனால் நான்கு பேர், சிலிண்டர், கயிறு, கூடாரம் என்று ஏற்றினால் நடத்துநர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு.

அடல் சுரங்கப்பாதை வழியாகப் போனால் ரோதாங் பெர்மிட் தேவையில்லை. வண்டிக்காரர் ரோதாங் வழியாகச் சுற்றிக்காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்; போகும்போது 3,978 மீட்டரைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

8. உயரத்துக்குப் பழகுவது

2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. சுரங்கப்பாதை சாலையைச் சுருக்கியது, உடம்பைச் சுருக்கவில்லை. மணாலியில் காலைக் காப்பி குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குச் சத்ரு போய்விடலாம். அப்படிப் போனால் ஒரே நாளில் 1,300 மீட்டர் ஏறியிருப்பீர்கள். 920 மீட்டரில் வாழும் பெங்களூர்க்காரர்களுக்கு அன்றிரவு தலைவலியும் குமட்டலும் வருவதில் வியப்பில்லை.

பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. சேத்தனில் இரண்டு இரவு, சிஸ்ஸுவில் ஓர் இரவு என்று வைத்தது இதற்காகத்தான். சேத்தனில் பகலில் போல்டரிங் செய்யலாம், ஆனால் முழுமூச்சாக வேண்டாம். விரல் தோலையும் அங்கேயே கிழித்துக்கொண்டால் சத்ருவில் டேப்தான் ஏறும்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அது உயர நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகாதீர்கள். குறையாவிட்டால் கீழே இறங்குங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பார்க்காமல் உடனே இறக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எண்ணைப் பார்த்து 85 இருக்கிறது, பரவாயில்லை என்று முடிவெடுப்பது அதிகம் நடக்கும் தவறு. குளிர்ந்த விரலில் அது பொய் சொல்லும், ஆளைப் பாருங்கள். அசிட்டசோலமைடு மாத்திரையைப் பெங்களூரிலேயே மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

9. சோறு

சத்ரு உயரத்தில் தண்ணீர் சுமார் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நடுவில் கல்லாக இருக்கும், துவரம்பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் மசியாது. 3 லிட்டர் பிரஷர் குக்கரைச் சுமந்துபோவது ஆடம்பரமில்லை. கேஸ்கட்டை ஒன்று கூடுதலாக வையுங்கள்.

நான்கு பேருக்கு ஏழு இரவுக் கணக்கு: அரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ (துவரையைவிடச் சீக்கிரம் வேகும்), வறுத்த ரவை ஒன்றரைக் கிலோ, அவல் ஒரு கிலோ, பால் பவுடர் அரைக் கிலோ, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, நெய். ரவையை வீட்டிலேயே கடுகு, உளுந்து தாளித்து வறுத்துப் பொட்டலம் கட்டினால் காலையில் வெந்நீர் ஊற்றினால் போதும். பாறையில் பகலுக்குக் கடலை மிட்டாய், பேரீச்சை, தட்டை. முறுக்கு பையில் பொடியாகிவிடும்.

மதியச் சாப்பாடு என்று ஒன்று இருக்காது என்பதைப் புதியவர்கள் ஏற்றுக்கொள்ளச் சிரமப்படுவார்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்டு, ஒரு மணிக்கொரு தரம் ஏதாவது கொறிக்க வேண்டும். நாளுக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர். ஆற்று நீர் பனிப்பாறை மண்ணோடு கலங்கி வரும், பக்கத்து ஊற்றுநீரை எடுத்துக் கொதிக்க வையுங்கள்.

10. பாறையில் முதல் நாள்

எட்டாம் நாள் கயிற்றை எடுக்குமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எப்போது போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிழலில் பாறை விரல் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்றிருக்கும். வெயில் பட்டு முக்கால் மணி நேரம் கழித்து ஏறலாம். அதே வெயில், இரவில் உறைந்து பிடித்திருந்த கற்களையும் அவிழ்த்துவிடும். வெயில் பட்ட முதல் அரை மணி சுவரடியில் யாரும் நிற்காதீர்கள். பிலே செய்பவருக்கும் ஹெல்மெட் உண்டு.

வீட்டில் ஏறும் ட்ராட் அளவைவிட இரண்டு கிரேடு கீழே தொடங்குங்கள். பாறைத் தகடு எதையும் பிடிக்குமுன் உள்ளங்கையால் தட்டுங்கள். காலிப் பானை மாதிரி ஒலித்தால் அதில் கையும் வைக்கக் கூடாது, அதன் பின்னால் கேமும் வைக்கக் கூடாது. கேம் விரியும்போது தகட்டை நெம்புகோல் போல வெளியே தள்ளும்.

ராமநகராவில் சத்தம் போட்டால் கேட்கும். இங்கே சந்திராவின் இரைச்சலில் 20 மீட்டர் தள்ளி இருப்பவர் சொல்வதே காதில் விழாது. மேலே இருப்பவர் ‘ஆஃப் பிலே’ (பிலேயை எடுக்கலாம்) என்று கத்தியதாக நினைத்துக்கொண்டு கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிடுவதுதான் இதில் வரும் மிக மோசமான விபத்து. அதற்கு ஒரே விதி: லீடர் மேலே ஆங்கர் கட்டி, மிச்சக் கயிற்றை முழுக்க இழுத்து, அது கீழே இருப்பவரின் ஹார்னஸை இழுத்து, மேலிருந்து மூன்று தரம் நன்றாகச் சுண்டும்வரை பிலேயை எடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கயிற்றைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஓடை தாண்டிப் போக வேண்டிய சுவர் என்றால் காலையிலேயே தாண்டுங்கள், மதியத்துக்குள் திரும்புங்கள். பகல் வெயிலில் மேலே பனி உருகி, காலையில் கணுக்கால் நனைந்த ஓடை மாலையில் தொடையைத் தள்ளும்.

11. இறங்குவது

நல்ல ஏற்றக்காரர்களும் இங்கேதான் அசட்டையாகிறார்கள், களைப்பும் காற்றும் சேர்ந்து வரும் நேரம் அது.

கயிற்றின் இரண்டு நுனியிலும் தனித்தனியே முடிச்சு. இரண்டு கயிற்றை இணைத்தால், வால் 30 செ.மீ. விட்டு இறுக்கிய ஓவர்ஹேண்ட் முடிச்சு. எந்த நிறத்தை இழுக்க வேண்டும் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். பிலே கருவிக்குக் கீழே ப்ரூசிக். காற்று அடிக்கும்போது கயிற்றை வீசக் கூடாது. பக்கவாட்டில் பறந்துபோய் ஏதோ ஒரு பாறைக் கொம்பில் மாட்டிக்கொள்ளும், இருட்டுமுன் அதை எடுக்கவே நேரம் போகும். வளைய வளையமாகச் சுருட்டி ஹார்னஸின் இரு பக்கமும் ஸ்லிங்கில் தொங்கவிட்டு, இறங்க இறங்க அவிழ்த்துவிடுங்கள். முதலில் இறங்கியவர் கீழிருந்து கயிற்றை ஓரடி இழுத்துப் பார்த்து, ஓடுகிறது என்று தெரிந்த பிறகே கடைசி ஆள் இறங்க வேண்டும்.

ஆங்கரில் ஏற்கெனவே கிடக்கும் ஸ்லிங் வெளுத்து விறைத்திருந்தால் வெயில் தின்றது என்று அர்த்தம். அதன் பக்கத்தில் உங்கள் கார்டைக் கட்டி அதில் இறங்குங்கள். பத்து மீட்டர் கார்டு கொண்டுவந்தது இதற்குத்தான்.

12. அடிபட்டால், வானம் மாறினால்

சத்ருவில் கைபேசி சிக்னலை நம்பித் திட்டம் போடக் கூடாது. உதவிக்கு கோக்சர் பக்கம், அதாவது மோசமான சாலையில் 20 கி.மீ.க்கு மேல், யாராவது வண்டியில் போக வேண்டும். முதல் நாளே தாபாக்காரரிடம் அறிமுகம் செய்துகொண்டு, அவசரத்துக்கு வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். அவரைப் பய்யா, பாயி என்று கூப்பிட்டு, அவரிடமே இரண்டு வேளை சாப்பிட்டால் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்வார், ஓடை எந்த மணிக்கு ஏறும் என்பது உட்பட. ஆம்புலன்ஸ் 108, பொது அவசர எண் 112. மருத்துவமனை மணாலியிலும் கேலாங்கிலும்.

முதலுதவிப் பையில் வளைத்துக் கட்டும் ஸ்பிளிண்ட், அகலமான கிரேப் பேண்டேஜ், அழுத்திக் கட்டத் தடித்த பஞ்சுப் பட்டை, ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், டேப். அதை முகாமில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், சுவரடியில் இருக்க வேண்டும்.

குல்லு, மண்டிப் பக்கம் 14, 15-ம் நாட்களில் கனமழை என்று சிஸ்ஸுவில் பார்த்த முன்னறிவிப்பு சொன்னால் 12-ம் நாள் ஏறிவிட்டு 13-ம் நாள் இறங்கிவிடுங்கள். தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போது இந்த முடிவை எடுப்பது கடினம், நால்வரில் ஒருவராவது முறைத்துக்கொள்வார். அதனால்தான் இந்த விதியைப் பெங்களூரிலேயே, டிக்கெட் எடுக்குமுன், நால்வரும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

13. வீட்டில் விட்டுப்போகும் காகிதம்

பெங்களூரில் நிதானமான ஒருவரிடம், அண்ணனோ அக்காவோ அலுவலக நண்பரோ, ஒரு பக்கக் காகிதம் கொடுங்கள். நால்வரின் பெயர், ரத்த வகை, காப்பீட்டு எண், வண்டிக்காரரின் எண், சத்ருவில் கூடாரம் போடும் இடம், சிக்னல் இல்லாத நாட்கள் 7 முதல் 14 வரை என்ற தகவல். இதைச் சொல்லாமல் போனால் 8-ம் நாளே அம்மா பதறிப்போய் ஊரையெல்லாம் கூட்டுவார்.

கடைசி வரியாக ஒரு நேரம் எழுதுங்கள்: 14-ம் நாள் இரவு 9 மணிக்குள் மணாலியிலிருந்து போன் வராவிட்டால் முதலில் வண்டிக்காரருக்கு அழைக்க வேண்டும், மறுநாள் காலை 8 மணிக்கும் தகவல் இல்லையென்றால் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டக் காவல்துறைக்கு. அந்த எண்ணை நீங்களே தேடிப் பிடித்து, ஒருமுறை அழைத்துச் சரிபார்த்து, அதே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.